இரவு 10.41: அது எந்த ஊர் மணி?

சாமான், அதாவது ஒரு மின் ட்ரான்ஸ்போமர், தளத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கணினித் திரையை அப்படியே படம் பிடித்து, ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். சாமானோடு பூட்டி வந்த அதிர்வு பதியும் பெட்டியின் வரி அது: திகதி, 22.41, செங்குத்துத் திசை, 3.4 ஜி (புவியீர்ப்பைப் போல 3.4 மடங்கு). வேறு விளக்கம் இல்லை, தேவையும் இல்லை. அந்த ட்ரான்ஸ்போமருக்குத் தயாரிப்பாளர் விதித்த எல்லை 3 ஜி. அதே திகதியில் இரவு 10.32க்கு எங்கள் ட்ரெய்லர் கொழும்புத் துறைமுகக் கேட்டைத் தாண்டியது என்று கூட வந்த பொலிஸாரின் குறிப்பிலேயே இருக்கிறது. ஒன்பது நிமிடம் கழித்து அதிர்வு. கேட்டுக்கு வெளியே வீதி எப்படி இருக்கும் என்று லொறிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆக, குழியில் விட்டது நாங்கள்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். முதல் அரை நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வேலையைக் கொழும்பிலிருந்து ஒழுங்குபடுத்தியவன் நான். கம்பனிப் பெயர்களும் தளத்தின் பெயரும் இங்கே வேண்டாம். ஹபரணைக்குக் கொஞ்சம் அப்பால் ஓர் உபமின் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுமையும் சக்கரமும்

132 கிலோவோல்ட்டை 33 ஆகக் குறைக்கும், 31.5 எம்.வி.ஏ. திறனுள்ள ட்ரான்ஸ்போமர். சீனாவில் செய்தது. இந்த மாதிரிச் சாமான் எண்ணெய் இல்லாமல்தான் கப்பலேறும். ரேடியேட்டர், கம்பி இணைக்கும் புஷிங், மேலே இருக்கும் எண்ணெய்த் தாங்கி எல்லாவற்றையும் கழற்றித் தனிப் பெட்டிகளில் அனுப்புவார்கள். அவை சாதாரண லொறியில் போய்விடும். வெறும் டாங்கிக்குள் உலர்ந்த காற்றை, வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடிய அமுக்கத்தில் அடைத்திருப்பார்கள். உள்ளே செப்புச் சுருளைச் சுற்றியிருப்பது காகிதம். நம்முடைய காற்றின் ஈரத்தை அந்தக் காகிதம் குடித்துவிட்டால் பிறகு அதை உலர்த்தி எடுப்பது பெரும்பாடு. அதனால் வழியில் நின்ற இடமெல்லாம் ஒரு பையன் டோர்ச்சோடு ஏறி, அமுக்கமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதினான். பகல் வெயிலில் முள் ஏறும், விடியப்புறத்தில் இறங்கும், அது இயல்பு. இறங்கியது மறுநாள் வெயிலுக்கும் ஏறாவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

எடை 48 தொன். நீளம் 5.6 மீற்றர், அகலம் 2.9, உயரம் 3.6. வெளியாட்கள் எடையைக் கேட்டுத்தான் வாயைப் பிளப்பார்கள். எங்கள் தொழிலில் 48 தொன் பெரிய சங்கதியே இல்லை. அகலமும் ஒரு கொள்கலனைவிட இரண்டு பக்கமும் 23 சென்ரிமீற்றர்தான் கூட. தூக்கத்தைக் கெடுப்பது உயரம்.

நாங்கள் எடுத்தது 8 அச்சு வரிசை கொண்ட ஹைட்ரோலிக் ட்ரெய்லர். வரிசைக்கு 8 டயர், மொத்தம் 64. ட்ரெய்லரின் சொந்த எடை ஏறத்தாழ 30 தொன், சுமையோடு 78. ஒரு வரிசைக்கு 9.75 தொன், ஒரு டயருக்கு 1.2 தொன். தாருக்கு இது போதும். நிறையச் சாமான் ஏற்றிய சாதாரண லொறி இதைவிட மோசமாக அமுக்கும். ஆனால் பாலத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அச்சுகள் ஒன்றரை மீற்றர் இடைவெளியில் நெருக்கமாக இருப்பதால், 10 மீற்றர் நீளமான ஒரு பாலத்தட்டில் ஒரே நேரத்தில் 7 வரிசை ஏறி நிற்கும். அதாவது 68 தொன். அச்சுப் பாரத்தைக் காட்டிப் பாலத்துக்கு அனுமதி கேட்டுப் போகிற ஒருங்கிணைப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். வீதி அபிவிருத்தி அதிகார சபைப் பொறியியலாளர் கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அது நியாயமும்கூட.

கட்டும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு இது பேச்சில் வந்தது. திடீர் பிரேக்குக்குச் சுமையின் எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்று வைப்பது வழக்கம். 48 தொன்னுக்கு 38.4. அடியில் வெறும் பலகை போட்டால் உராய்வு அதில் 14 தொன் போலப் பிடிக்கும், மீதி 24ஐச் செயின் தாங்கவேண்டும். வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டால் உராய்வே 28.8 தொன்னைப் பிடித்துக்கொள்ளும், செயினுக்கு விழுவது 9.6 மட்டும். ஒரு 13 மில்லிமீற்றர் உயர்தரச் செயின் 10 தொன் தாங்கும் என்றாலும் அது சாய்ந்து நிற்பதால் முழுதாகக் கிடைக்காது. நாங்கள் ரப்பரும் போட்டு எட்டுச் செயினும் போட்டோம். ரப்பர் விரிப்பின் விலையைப் பார்த்து முகம் சுளிக்கிற முதலாளிமாருக்கு இந்தக் கணக்கைத்தான் நான் காட்டுவது.

வழி

ஹபரணைக்குத் திருகோணமலையிலிருந்து பாதித் தூரம்தானே, ஏன் கொழும்பு என்று எல்லோரும் கேட்டார்கள். கேள்வி சரி. ஆனால் ஒரு ட்ரான்ஸ்போமருக்காக ஒரு கப்பலைத் திருகோணமலைக்குத் திருப்ப யாரும் காசு கொடுப்பதில்லை. கொழும்புக்கு எப்படியும் வருகிற கப்பலில் ஒரு மூலையில் ஏறி வந்தது அது. வீதியில் நூறு கிலோமீற்றர் கூடினாலும் மொத்தச் செலவில் கொழும்பே மலிவு. கடல் கூலியை யார் கொடுக்கிறாரோ அவர் துறைமுகத்தைத் தெரிவுசெய்கிறார், வீதியில் இழுக்கிறவனுக்கு அதில் சொல் இல்லை.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஏ1 கண்டி வீதி, அங்கிருந்து ஏ6இல் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை. சுமார் 180 கிலோமீற்றர், மூன்று இரவு. அதிவேகப் பாதையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மணிக்கு 20 கிலோமீற்றர் போகிற வண்டிக்கு அங்கே என்ன வேலை. வடக்கே போகிற எந்தச் சுமையும் முதலில் களனி கங்கையைக் கடக்கவேண்டும். 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்த பிறகு பேலியகொடைப் பக்க நெரிசல் பகலில் எவ்வளவு குறைந்ததோ தெரியாது, இரவில் எங்களுக்குச் சுகம்தான்.

மார்ச் மாதம் வழி பார்க்கப் போனோம். பிக்கப்பின் முன்னால் ஒரு கம்பு, நுனி தரையிலிருந்து 5 மீற்றர், நுனியில் பிளாஸ்டிக் குழாய். வயரில் பட்டால் ‘டக்’ என்று அடிக்கும், பின்னால் இருக்கிறவர் இடத்தை எழுதுவார். மின்சார சபையின் கம்பிகள் பெரும்பாலும் நல்ல உயரத்தில் இருக்கும். தலையில் இடிப்பவை தொலைபேசி, கேபிள் டீவி, இணையக் கேபிள்கள். ஒரு கம்பத்தில் ஒருவர் கட்டியதன் கீழே இன்னொருவர் கட்டுவார், அதற்கும் கீழே மூன்றாமவர். சந்திக்குச் சந்தி வலை போலத் தொங்கும். 41 இடம் எழுதினோம்.

ட்ரெய்லர் ஓடும் உயரத்தில் தட்டு 1.15 மீற்றர், ரப்பரும் பலகையும் 5 சென்ரிமீற்றர், சுமை 3.6. மொத்தம் 4.80. ஐந்து மீற்றர் கம்புக்கு 20 சென்ரிமீற்றர் இடைவெளி, போதும் என்று நினைத்தோம். கப்பலில் நேரில் டேப் பிடித்தபோது டாங்கியின் மேல் அமுக்கமானிக்கு ஓர் இரும்புக் கூடு போட்டிருந்தார்கள். வரைபடத்தில் அது இல்லை. 9 சென்ரிமீற்றர். இருபது பதினொன்றாயிற்று.

இன்னொன்றும் நடந்தது. ஏப்ரலில் வரவேண்டிய கப்பல் தள்ளித் தள்ளி மே மாத முதல் வாரத்தில் வந்தது. இலங்கையில் இருக்கிறவருக்கு இதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. வெசாக், புத்தர் திருநாள். தொட்டலங்கப் பக்கமும் பேலியகொடைப் பக்கமும் தோரணத்துக்கு மரம் நட்டாயிற்று. கண்டி வீதியில் கடைக்குக் கடை குறுக்கே கொடிக் கயிறு, வெளிச்சக்கூடு தொங்கவிடக் கம்பி. மார்ச்சில் நாங்கள் எழுதிய 41 இடத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. மறுபடி ஓர் இரவு முழுக்கக் கம்போடு ஓடினோம். கொடிக் கயிற்றை அறுக்கக் கூடாது என்று பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தூக்கிப் பிடி, கடந்ததும் இறக்கு. ஓர் ஊரில் விடியப்புறம் கொடி அறுந்து கிடந்தால் அதற்குப் பிறகு அந்த வீதியில் நாங்கள் வண்டி ஓட்டமுடியாது.

கொக்கியின் கீழே

கடதாசி வேலையைச் சுருக்கிவிடுகிறேன். மாளிகாவத்தை நானா ஒருவர் முப்பது வருடமாக எங்களுக்கு வாஃப் வேலை, அதாவது துறைமுகத்திலிருந்து சாமானை விடுவிக்கும் வேலை, பார்க்கிறார். சுங்கம், டெலிவரி ஓடர், துறைமுக அதிகார சபையின் கட்டணம், எல்லாம் கப்பல் வருவதற்கு முன்பே அவர் பையில் இருந்தது. “சாமான் நிலத்தில படக் கூடா தம்பி. பட்டா ரெண்டாவது தரம் தூக்கணும், ரெண்டாவது பில்லும் வரும்” என்றார். கப்பலிலிருந்து நேரே ட்ரெய்லரில் இறக்குவது என்று முடிவு.

அன்று மாலை மழை. ஏப்ரல், மே மாதங்களில் கொழும்பில் பின்னேர மழை எப்படிக் கொட்டும் என்று தெரியும்தானே. ஏழரைக்கு விட்டது. எட்டுக்குத் தூக்கினார்கள். ட்ரான்ஸ்போமரின் பாரம் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் மின்னழுத்தம் மாற்றும் பொறி இருப்பதால் பாரமையம் அந்தப் பக்கம் தள்ளி நிற்கும். டாங்கியில் அதைப் பெயின்டால் அடையாளமிட்டிருப்பார்கள், அதற்கேற்பத் தூக்கும் ஸ்லிங்குகளின் நீளத்தைச் சரிசெய்யவேண்டும். செய்தார்கள், ஆனால் முழுதாகச் செய்யவில்லை. சுமை காற்றில் நின்றபோதே ஒரு மூலை சற்றுத் தாழ்ந்திருந்தது. நான்கு பேர் கயிறு பிடித்துத் திருப்பினார்கள். ட்ரெய்லருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினார்கள். அது வரைக்கும் அழகு.

பிறகு தாழ்ந்த மூலை ரப்பரில் தொட்டது. கிரேன்காரருக்கு அது முழுதாக அமர்ந்தது போலத் தோன்றியிருக்கவேண்டும். விட்டார். மற்ற மூன்று மூலையும் ஒன்றாக விழுந்தன. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கனமான அலுமாரியை இறக்கி வைக்கும்போது வருமே, அப்படி ஒரு ‘டொம்’. 64 டயரும் ஒரு தடவை பிதுங்கி எழுந்தன. ட்ரெய்லர் தட்டில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் எங்கள் காலில் தெறித்தது.

எங்கள் டிரைவர் ஹட்டன் பக்கத்தவர், வத்தளையில் குடியிருக்கிறார், என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. “தம்பி, வண்டி உக்காந்து எந்திரிச்சிருச்சு” என்றார். நான் சிரித்தேன். கொப்பியில் “20.11 வைத்தாயிற்று” என்று எழுதினேன். கப்பல் பக்கத்துப் பற்றுச்சீட்டு வந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து வைத்தேன். மழை, ஈரம், பத்தரைக்குப் பொலிஸ் வரும் அவசரம். காரணம் எத்தனையும் சொல்லலாம். கையெழுத்து என்னுடையது.

மூன்று இரவு

இங்குறுகடைச் சந்தியைக் கடக்கவே இருபது நிமிடம். களனிப் பாலத்தில் மற்ற வாகனங்களை நிறுத்தி, நடுக்கோட்டில், நடக்கிற வேகத்தில், பிரேக் தொடாமல் போகவேண்டும். பாலத்தின்மேல் பிரேக் பிடித்தால் பாரம் முன்னோக்கித் தள்ளும், அந்த விசையையும் பாலம் தாங்கவேண்டும். டிரைவர் அண்ணன் பாலம் ஏறுவதற்கு முன் வெற்றிலையைத் துப்பிவிடுவார், இறங்கும் வரை பேசமாட்டார்.

கடவத்தை தாண்டியதும் எங்களுக்கு எதிரே மரக்கறி லொறிகள். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து கிளம்பி விடிவதற்குள் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டியவை. 2020 இறுதியில் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போன பிறகு ஒவ்வோர் இரவும் நாங்கள் போகும் வழியும் அவர்கள் வரும் வழியும் ஒன்றுதான். கோவாவும் கரட்டும் வாடுகிறது, எங்களுக்காக அவர்களை மறித்து வைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும். ஒருவர் தலையை வெளியே நீட்டி சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுதமுடியாது. அண்ணன் கையைத் தூக்கிக் கும்பிட்டார். அவ்வளவுதான், அவர் சிரித்துவிட்டார்.

முதல் இரவு 4.35க்கு அம்பேபுஸ்ஸவைத் தாண்டி ஏ6இல் நிறுத்தினோம். இரண்டாம் இரவு தம்புள்ளைக்கு முன்னால். ஓர் இடத்தில் ட்ரெய்லரை 25 சென்ரிமீற்றர் இறக்கிப் ‘படுத்து’ப் போனோம்; ஹைட்ரோலிக் வண்டியின் பெரிய வசதி அதுதான். மின்சார சபை ஆட்கள் மூன்று இடத்தில் மின்னைத் துண்டித்துக் கம்பியை உயர்த்தினார்கள். மற்றக் கேபிள்களைப் பையன்கள் கவைக் கம்பால் தூக்கினார்கள்.

மூன்றாம் இரவு ஹபரணைக்குக் கிட்ட, 2.50க்கு முன்னால் போன பொலிஸ் ஜீப் நின்றது. வீதி நடுவே யானை, தனியன். அந்தப் பக்கத்தில் இது அதிசயமில்லை. லைட்டைத் தாழ்த்தி, என்ஜினை நிறுத்தி உட்கார்ந்தோம். அது வீதியோரத்துப் புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறி, ஆற அமரத் தின்றது. 48 தொன்னும் 5 தொன்னும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. 3.25க்கு அது காட்டுக்குள் இறங்கியது. பையன் வழக்கம்போலக் கொப்பியில் நேரத்தை எழுதினான்: “2.50 – 3.25 யானை.” அந்த வரி எங்களுக்கு எவ்வளவு பெறுமதி என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கடைசி நான்கு கிலோமீற்றர் பிரதேச சபை வீதி. ஏ, பி தர வீதிகள் எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, வரைபடமும் பாரக் கணக்கும் ஓரளவு இருக்கும். சின்ன வீதிக்கு இறங்கிவிட்டால் மதகு யார் கட்டியது, எப்போது கட்டியது என்று கேட்க ஆளில்லை. அதில் ஒரு வாய்க்கால் மதகு. முந்தைய வாரமே கீழே ரயில் சிலிப்பர்க் கட்டையால் அண்டை கொடுத்து, மேலே தடித்த இரும்புத் தகடுகள் போட்டிருந்தோம். கடந்த பிறகு நான் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். கட்டைகளில் ஒன்று ஓரத்தில் பிளந்திருந்தது. மதகில் கீறல் இல்லை.

பெட்டிக்குள் இருந்த மணி

இப்போது அந்தச் சிவப்பு வட்டத்துக்கு வருவோம்.

ட்ரான்ஸ்போமரோடு தொழிற்சாலையிலிருந்தே அதிர்வு பதியும் பெட்டிகள் இரண்டு பூட்டி வரும். ஒன்றில் பேட்டரி கடலிலேயே செத்துப்போயிருந்தது. மற்றது மூன்று திசையிலும் உச்ச அதிர்வைச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டே வந்தது. தளத்தில் அதைத் திறந்தவர் எல்லை மீறியவற்றை மட்டும் வெளியே எடுத்தார். ஒரேயொரு வரி. சுமையை ட்ரெய்லரிலிருந்து இறக்கவேண்டாம், காப்புறுதி ஆள் வரட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்ததில் பிழை சொல்லமாட்டேன். உள்ளே சுருள் நகர்ந்திருந்தால் மின் ஏற்றிய அன்றுதான் தெரியும், அன்று தெரிந்து யாருக்கு என்ன பயன்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“கேட்ட தாண்டினதும் எங்கயாச்சும் அடிச்சதாண்ணே?”

“அஞ்சு கிலோமீட்டர் ஸ்பீட்ல போறப்ப என்னத்தத் தம்பி அடிக்கிறது? அடிச்சது உள்ளுக்குள்ள. தூக்கி வக்கிறப்ப. நீங்களும்தானே நின்னீங்க.”

நின்றேன்தான். ஆனால் வைத்தது 8.11க்கு, பெட்டி சொல்வது 10.41. அண்ணன் தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இருபது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிற மனிதரைப் பற்றி. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஆவணம் பார்க்கும் தங்கை கிளிநொச்சியில் வளர்ந்தவள். என் மேசையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மிகச் சாதாரணமாகக் கேட்டாள்: “அண்ணா, இது ஆற்ற நேரம்? எங்கட நேரமோ, அவையளின்ர நேரமோ?”

இந்தக் கேள்வி அவளுக்கு ஏன் உடனே வந்தது என்பது வன்னியில் இருந்தவர்களுக்குப் புரியும். 1996இல் மின்தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதத்தில் அதை அரை மணியாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அதை ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழையபடி திரும்பும் வரை ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது. ஓமந்தையைத் தாண்டினால் அரை மணி மாறும். யாராவது நேரம் சொன்னால் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுத்தான் கிளம்பவேண்டும். அப்படி வளர்ந்தவளுக்கு எழுதியிருக்கும் மணியை அப்படியே நம்பும் பழக்கம் இல்லை. கொழும்பில் வளர்ந்த எனக்கு இருந்தது.

சீன நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. 22.41இலிருந்து இரண்டரையைக் கழித்தால் 20.11.

ஆனால் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. எங்களுக்கு வசதியாகப் பொருந்துகிற எண்ணை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. அதனால் முழுத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கினோம். எல்லை மீறியவை அல்ல, சின்னச் சின்ன அதிர்வு உட்பட எல்லாம். வண்டி ஓடும்போது 0.3, 0.5 என்று ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும், நின்றால் வெறுமை. அந்த வெறுமைகளைக் கொப்பியோடு வைத்துப் பார்த்தோம்.

முதல் இரவு நாங்கள் கேட்டைத் தாண்டியது 10.32. பெட்டியிலோ 22.41க்குப் பிறகு அதிகாலை 1.02 வரை சத்தமே இல்லை. 22.41 நம் நேரம் என்றால், களனிப் பாலத்தையும் கடவத்தையையும் ஓர் அதிர்வும் இல்லாமல் மிதந்து போயிருக்கவேண்டும். 1.02இலிருந்து ஓட்டம், 7.05க்கு ஓய்வு. நாங்கள் நிறுத்தியது 4.35. இரண்டாம் இரவும் அதே இரண்டரை மணி விலகல். மூன்றாம் இரவு 5.20 முதல் 5.55 வரை ஒரு வெறுமை. தங்கை கொப்பியில் விரலை வைத்தாள்: 2.50 – 3.25, யானை. அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். பொலிஸ் குறிப்பிலும் அதே நேரம் இருந்தது, ஆகவே எங்கள் கொப்பியை மட்டும் நம்பவேண்டிய தேவையும் இல்லை.

தளப் பொறியியலாளர் நல்ல மனிதர். பத்து நிமிடம் வரிகளைப் பார்த்துவிட்டு, “அப்ப இது வீதியில் நடக்கவில்லை” என்று ஒத்துக்கொண்டார். அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார்: கொக்கியின் கீழே நடந்தது என்றால் பற்றுச்சீட்டில் ஏன் எழுதவில்லை?

இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. குறிப்பு எதுவும் இல்லாத கையெழுத்து என்றால் சாமானைக் குறையில்லாமல் பொறுப்பேற்றேன் என்று அர்த்தம். இறக்கியவர்கள் அந்தக் கடதாசியை நீட்டினார்கள், அவர்கள் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அண்ணன் தற்செயலாகக் கைபேசியில் பிடித்த ஒரு சிறு வீடியோவில் மூலை தாழ்ந்திருந்ததும் டயர் பிதுங்கியதும் தெரிந்தது. அது இல்லாவிட்டால் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

ஆறு நாள் சுமை ட்ரெய்லரிலேயே இருந்தது. காப்புறுதிக் கணிப்பாளர் வந்தார். ட்ரான்ஸ்போமரின் இரும்புக் கருவுக்கும் டாங்கிக்கும் இடையே மின்காப்பைச் சோதித்தார்கள். பிறகு பல அதிர்வெண்களில் சின்ன மின்னழுத்தத்தைச் செலுத்தி, வரும் வளைகோட்டைத் தொழிற்சாலையில் எடுத்த வளைகோட்டோடு ஒப்பிட்டார்கள். சுருள் நகர்ந்திருந்தால் கோடு எங்காவது விலகும் என்றார் சோதித்தவர். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தன. உலர்காற்றை விட்டுக்கொண்டே மூடியைத் திறந்து ஒருவர் உள்ளே இறங்கியும் பார்த்தார். தளர்ந்த ஆப்பு ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் ஜாக்கி வைத்துச் சுமை நகர்த்தும் பாஸ் தன் ஆட்களோடு வந்து, ஒரு பக்கம் ஓர் அங்குலம், மறுபக்கம் ஓர் அங்குலம் என்று கட்டை மாற்றி மாற்றி உயர்த்தி, கிரீஸ் பூசிய தண்டவாளத்தில் அதை மேடைக்கு இழுத்தார். பின்னேரம் நாலு மணிக்கு அமர்ந்தது.

ட்ரெய்லர் காத்திருந்த ஆறு நாள் வாடகையில் பாதியை இறக்கியவர்கள் கொடுத்தார்கள், பாதி எங்கள் தலையில். அதற்கு மேல் யாரும் வழக்குப் பேசவில்லை. இப்போது எங்கள் ஏற்று-இறக்குப் படிவத்தில் இரண்டு கட்டம் கூடியிருக்கின்றன. ஒன்று, கொக்கியை மாட்டுவதற்கு முன் பெட்டியின் மணி என்ன, கைபேசியின் மணி என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட. மற்றது வெறும் கட்டம், டிரைவர் தன் கைப்பட எழுத. அடுத்த சுமைக்கு, ஒரு கொதிகலன், அண்ணன் அதில் எழுதிக் கொடுத்தார்: “நல்லா வச்சாங்க. வண்டி ஆடல.”